பிடி-குவெரி-டைஜஸ்ட் ரிவ்யூ: டேட்டாபேஸ் சர்வர் படுத்துக்குதுன்னா முதல்ல ஓட்ட வேண்டியது இதுதான்

மைசீக்வல் (MySQL) டேட்டாபேஸ் வச்ச சைட் ஏதாவது உங்க பொறுப்புல இருந்து, அது கூட்டம் வர்ற நேரமா பாத்து படுத்துக்குதுன்னா, யாருக்கும் காசு குடுக்குறதுக்கு முன்னாடி பெர்கோனா டூல்கிட்ல வர்ற பிடி-குவெரி-டைஜஸ்ட்ட (pt-query-digest, எந்த குவெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி, நேரத்த திங்குதுன்னு காட்டுற டூல்) ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. இது இலவசம், ஓப்பன் சோர்ஸ், உபுண்டுலயும் டெபியன்லயும் ஆப்ட்ங்கற (apt) இன்ஸ்டால் கமாண்ட் வச்சு ஒரே வரில இன்ஸ்டால் ஆயிடும். நாங்க இத வச்சுதான் எங்க சைட்ட நிக்க வச்சோம், அதனால இத கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். தன்னார்வமா சைட் ஓட்டுறவங்க நிறைய பேர் இதே எடத்துல மாட்டிட்டு முழிக்கிறத பாத்திருக்கேன்.

எங்க சைட் பெங்களூர்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கானது. வாடகை வீடு, ரத்தம் தேவை, டியூஷன், பழைய ஃபர்னிச்சர் எல்லாம் உண்டு, ஆனா எல்லாத்தையும் விட கூட்டம் வர்றது கார் ஷேரிங் பக்கத்துக்குதான், "வெள்ளி ராத்திரி எலக்ட்ரானிக் சிட்டில இருந்து சேலம் வழியா மதுரை, ரெண்டு சீட் இருக்கு" அந்த மாதிரி. விளம்பரம் கிடையாது, நாங்க சில பேர் சேர்ந்து சர்வர் காசு போட்டுக்கிறோம், நாலு ஜிபி ராம் உள்ள ஒரே மெஷின்ல வெப் சர்வர், பிஎச்பி, மைசீக்வல் மூணும் ஓடுது. சாதாரண நாள்ல ஒரு பிரச்சனையும் இல்ல. தீபாவளிக்கு முன்னாடி வாரம், பொங்கலுக்கு முன்னாடி வாரம், அப்புறம் 2024 மார்ச்ல தண்ணி பஞ்சம் வந்தப்ப டேங்கர் நம்பர் தேடி ஜனங்க வந்த அந்த நாட்கள், அப்பல்லாம் சைட் திறந்தா "டூ மெனி கனெக்ஷன்ஸ்", எரர் 1040. மடிவாளால பஸ் கிடைக்காம நிக்கிறவன் நம்ம சைட்ல சீட் இருக்கானு பாக்க வர்றான், அந்த நேரத்துல வெள்ளை பக்கம் காட்டுனா அந்த சைட் இருந்து என்ன பிரயோஜனம்?

இந்த எரர் வந்தா எல்லாரும் முதல்ல சொல்றது மேக்ஸ் கனெக்ஷன்ஸ்ஸ, அதாவது ஒரே நேரத்துல எத்தன கனெக்ஷன் திறந்திருக்கலாம்ங்கற லிமிட்ட, ஏத்துனுதான். மைசீக்வல்ல அது டிஃபால்ட்டா 151. நாங்க முதல்ல காசு குடுத்து கூப்பிட்ட ஒரு சப்போர்ட் கம்பெனியும் அதையேதான் பண்ணாங்க, 1000னு மாத்திட்டு, கூடவே ராம் எட்டு ஜிபி ஆக்குங்கன்னு ஒரு கொட்டேஷனும் அனுப்பினாங்க. பேரு சொல்லல, ஆனா எனக்கு அதுல இன்னிக்கும் வருத்தம்தான், ஏன்னா 151 பத்தலங்கறது நோய் இல்ல, நோயோட அறிகுறி. சில்க் போர்டு சிக்னல்ல ஒரு லாரி பிரேக்டவுன் ஆகி நின்னா பின்னாடி ஓசூர் ரோடு முழுக்க வண்டி நிக்கும், அதுக்கு ரோட்ட அகலப்படுத்துனா இன்னும் அதிக வண்டி நிக்கும் அவ்ளோதான், லாரிய எடுக்கணும். அதேதான் இங்கயும், ஏதோ ஒரு குவெரி மெதுவா ஓடுது, அது முடியுற வரைக்கும் அந்த கனெக்ஷன் திறந்தே இருக்கு, அதுக்குள்ள அடுத்த ஆளு வர்றான், அவனும் அதே குவெரி, இப்படியே சேந்து 151 நிரம்புது. லிமிட்ட 1000 ஆக்குனா ஒவ்வொரு கனெக்ஷனும் தனித்தனியா மெமரி எடுத்து, மெஷின்ல மெமரி தீந்து, லினக்ஸ் கெர்னலே இருக்கிறதுலயே பெரிய பிராசஸ் எதுன்னு பாத்து கொன்னுடும், அது பெரும்பாலும் மைசீக்வலாதான் இருக்கும். அதாவது முன்னாடி எரர் காட்டிட்டாவது உயிரோட இருந்த டேட்டாபேஸ், இப்ப செத்தே போகுது, அப்புறம் திரும்ப எழுந்து கிராஷ் ரெகவரி ஓடி முடியுற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. இதுல இன்னொண்ணு, அதே கான்ஃபிக் ஃபைல்ல இன்னோடிபி பஃபர் பூல் (மைசீக்வல் டேட்டாவ மெமரில வச்சுக்கிற எடம்) டிஃபால்ட் 128 எம்பிலயே கிடந்துச்சு, நாலு ஜிபி மெஷின்ல, அத யாரும் தொடவே இல்ல.

சரி, லாரி எங்க நிக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? அதுக்குதான் இந்த டூல். இது மாட்கிட்னு பேரன் ஷ்வார்ட்ஸ் ஆரம்பிச்ச டூல் தொகுப்புல இருந்து வந்தது, 2011ல அது பெர்கோனா டூல்கிட்டுக்குள்ள வந்துச்சு, பெர்கோனா 2006ல இருந்து மைசீக்வல் வேலையே பண்ற கம்பெனி. பெர்ல்ல எழுதின ஒரே ஸ்கிரிப்ட். மைசீக்வலோட ஸ்லோ குவெரி லாக்க (log, மெதுவா ஓடுன குவெரிங்கள பதிஞ்சு வைக்கிற ஃபைல்) இதுக்கு குடுத்தா, ஒரே மாதிரி குவெரிங்களை எல்லாம் ஒண்ணா சேத்து, எது எவ்ளோ நேரம் தின்னுச்சுனு ரேங்க் போட்டு குடுக்கும். "சேலம்"னு தேடுனதும் "திருச்சி"னு தேடுனதும் வேற வேற குவெரி இல்ல, மதிப்ப எடுத்துட்டு பாத்தா ஒரே எலும்புக்கூடுதான்னு அதுக்கு தெரியும்.

இங்கதான் மைசீக்வலோடயே வர்ற மைசீக்வல்-டம்ப்-ஸ்லோவுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம். அது எதுவும் சொல்லாம ஓட்டுனா ஆவரேஜ் நேரத்த வச்சு வரிசைப்படுத்தும், அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவ ஓடுற பெரிய ரிப்போர்ட் குவெரி மேல வந்து உக்காந்துக்கும், நீங்களும் அத சரி பண்ண நாள் முழுக்க உக்காருவீங்க, சைட்ல ஒரு மாற்றமும் இருக்காது. பிடி-குவெரி-டைஜஸ்ட் மொத்த நேரத்த வச்சு வரிசைப்படுத்தும். எங்களுக்கு முதல் எடத்துல வந்தது ஒரு தடவைக்கு அரை செகண்ட் கூட ஆகாத ஒரு குவெரி, ஆனா கார் ஷேரிங் பக்கத்த யாரு திறந்தாலும் அது ஓடும், அந்த ஒரு மணி நேரத்துல டேட்டாபேஸ் பண்ண வேலைல பாதிக்கு மேல அது ஒண்ணே. எங்க டீம்ல எல்லாரும் சந்தேகப்பட்டது தேடல் பக்கத்த, அது நாலாவது எடத்துலதான் இருந்துச்சு.

ஆனா ஒரு விஷயம், டூல இன்ஸ்டால் பண்ணிட்டு ஸ்லோ லாக்க ஆன் மட்டும் பண்ணா உங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காது. லாங் குவெரி டைம்னு ஒரு செட்டிங், டிஃபால்ட்டா 10 செகண்ட், அதாவது பத்து செகண்டுக்கு மேல ஓடுறது மட்டும்தான் லாக்ல விழும். எங்க அரை செகண்ட் குவெரி காலத்துக்கும் அதுல மாட்டாது. அத கூட்டம் வர்ற நேரத்துல மட்டும் ஜீரோ ஆக்குங்க, எல்லா குவெரியும் விழட்டும், ஒரு மணி நேரம் போதும், அப்புறம் பழையபடி மாத்திடுங்க. டிஸ்க்ல எடம் இருக்கானு பாத்துட்டு பண்ணுங்க, லாக் சரசரன்னு வளரும். சர்வர ரீஸ்டார்ட் பண்ண வேணாம், ஓடும்போதே மாத்தலாம், ஆனா க்ளோபலா மாத்துனா புதுசா வர்ற கனெக்ஷனுக்குதான் அது பிடிக்கும், ஏற்கனவே திறந்து கிடக்குற பெர்சிஸ்டென்ட் கனெக்ஷன் பழைய மதிப்புலயே ஓடும்.

லாக் கிடைச்சதும் அத சர்வர்லயே வச்சு டைஜஸ்ட் ஓட்டாதீங்க, பெரிய ஃபைல்னா மெமரியும் சிபியுவும் நல்லா இழுக்கும், ஏற்கனவே மூச்சு வாங்குற மெஷின்ல அது வேணாம். லேப்டாப்புக்கு காப்பி பண்ணி அங்க ஓட்டுங்க.

ரிப்போர்ட் முதல் தடவ பாக்கும்போது பயமா இருக்கும், ஒரே கறுப்பு திரைல நம்பரா கொட்டும், கிராஃப் எல்லாம் கிடையாது. மேல ப்ரொஃபைல்னு ஒரு டேபிள் வரும், ரேங்க், மொத்த ரெஸ்பான்ஸ் டைம், அது மொத்தத்துல எத்தன பர்சன்ட், எத்தன கால்ஸ், ஒரு காலுக்கு எவ்ளோ. அத பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். கீழ ஒவ்வொரு குவெரிக்கும் தனித்தனியா விவரம், அதுல நான் எப்பவும் முதல்ல பாக்குறது ரெண்டே வரி, ரோஸ் சென்ட், ரோஸ் எக்ஸாமின். எத்தன வரிய பயனருக்கு குடுத்துச்சு, அதுக்காக எத்தன வரிய புரட்டுச்சு. எங்க முதல் குவெரி இருபது வரி குடுக்க டேபிள் முழுக்க லட்சக்கணக்குல புரட்டிட்டு இருந்துச்சு. ஆவரேஜ்ஜ நம்பாதீங்க, பக்கத்துலயே 95 பர்சன்ட்னு ஒரு காலம் (column, நெடுவரிசை, நேரம் இல்ல) இருக்கும், அத பாருங்க, நூத்துக்கு அஞ்சு பேருக்கு எவ்ளோ மோசமா இருக்குனு அதுலதான் தெரியும். இன்னொரு நல்ல விஷயம், ஒவ்வொரு குவெரிக்கு கீழயும், மைசீக்வல் அத எப்படி ஓட்டும்னு காட்டுற எக்ஸ்ப்ளெயின் கமாண்டையும் அந்த டேபிளோட அமைப்ப பாக்குற கமாண்டையும் அதுவே எழுதி வச்சிருக்கும், அப்படியே எடுத்து மைசீக்வல்ல ஒட்டுனா போதும். இத யோசிச்சு வச்சவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

எக்ஸ்ப்ளெயின் போட்டா டைப் காலத்துல "ஆல்"னு வந்துச்சு, முழு டேபிள் ஸ்கேன். ஏன்னு பாத்தா, பயணத் தேதி டேட்டைம் காலம், கோட்ல அத டேட் ஃபங்ஷனுக்குள்ள போட்டு இன்னிக்கு தேதியோட சமமானு கேட்டிருக்காங்க. காலத்த ஃபங்ஷனுக்குள்ள போட்டுட்டா அது மேல இருக்கிற இண்டெக்ஸ் (புத்தகத்துக்கு பின்னாடி இருக்கிற சொல் பட்டியல் மாதிரி, சீக்கிரம் தேட உதவுறது) வேலைக்கு ஆகாது. வொயிட்ஃபீல்டுல இருக்கிற எங்க தம்பி ஒருத்தன் அத "இந்த நாள் ஆரம்பத்துல இருந்து அடுத்த நாள் ஆரம்பத்துக்கு முன்னாடி வரைக்கும்"னு ரேஞ்சா மாத்தி எழுதினான், கிளம்புற ஊர் முதல்லயும் தேதி ரெண்டாவதாவும் வச்சு ஒரு இண்டெக்ஸ் போட்டோம். வரிசை முக்கியம், சமம்னு தேடுற காலம் முன்னாடி, ரேஞ்ச் தேடுற காலம் பின்னாடி. லட்சக்கணக்குல புரட்டிட்டு இருந்தது நூறு வரிக்குள்ள வந்துச்சு. "அவ்ளோதானாண்ணா, இதுக்கா எட்டு ஜிபி ராம் கேட்டாங்க?"னு தம்பி கேட்டான்.

ரெண்டாவது எடத்துல இருந்ததுதான் எனக்கு ரொம்ப பாடம் சொன்னது. ஒவ்வொரு பதிவையும் எத்தன பேர் பாத்தாங்கனு எண்ணுற அப்டேட் குவெரி. ஒரே ஒரு ரோவ மாத்துறது, ப்ரைமரி கீ (ஒவ்வொரு ரோவுக்கும் இருக்கிற தனி அடையாளம்) வச்சு, எக்ஸ்ப்ளெயின்ல ஒரு குறையும் இல்ல. ஆனா டைஜஸ்ட் ரிப்போர்ட்ல அதோட லாக் டைம் (lock, பூட்டு திறக்க காத்திருந்த நேரம், மேல சொன்ன லாக் ஃபைல் இல்ல) கிட்டத்தட்ட எக்சிக்யூட் டைம் அளவுக்கே இருந்துச்சு, அதாவது வேலை பண்ணல, காத்துக்கிட்டே இருந்திருக்கு. அந்த டேபிள் மைஐசாம், அதாவது மைசீக்வல் டேட்டாவ சேமிக்கிற பழைய முறை, இன்னோடிபி புது முறை. சைட் ஆரம்பிச்ச காலத்துல உருவாக்குனது, மைசீக்வல் 5.5ல இருந்து, அதாவது 2010 கடைசில இருந்து, இன்னோடிபிதான் டிஃபால்ட், ஆனா வெர்ஷன் ஏத்துனா பழைய டேபிள் தானா மாறாது, அது அப்படியேதான் கிடக்கும். மைஐசாம்ல ஒரு ரோவ மாத்தணும்னாலும் முழு டேபிளுக்கும் லாக். ஒருத்தர் பக்கத்த திறந்தா எண்ணிக்கை கூடுது, அந்த நேரம் மத்த எல்லாரும் வெளில நிக்கணும். இன்னோடிபி அந்த ஒரு ரோவுக்கு மட்டும் லாக் போடும். இத இன்னோடிபிக்கு மாத்துனது ஒரே ஒரு கமாண்ட், ஆனா இந்த ரிப்போர்ட் இல்லாம இத நாங்க கண்டுபிடிச்சிருக்கவே முடியாது, ஏன்னா லாக்குக்காக காத்திருந்த நேரத்த மைசீக்வல் ஒரு குவெரி ஸ்லோவா இல்லையானு முடிவு பண்ண கணக்குல எடுக்காது, லாங் குவெரி டைம ஜீரோனு வச்சதாலதான் அது ஸ்லோ லாக் ஃபைல்ல விழுந்துச்சு.

மூணாவது, பழைய பக்கங்களுக்கு போற குவெரி. இருபது வேணும், ஆனா முதல் நாப்பதாயிரத்த தாண்டிட்டு குடுன்னு கேட்டா, மைசீக்வல் அந்த நாப்பதாயிரத்தையும் படிச்சு தூக்கிப் போட்டுட்டுதான் இருபத குடுக்கும். மனுஷங்க யாரும் ரெண்டாயிரமாவது பக்கம் போக மாட்டாங்க, போறது எல்லாம் தேடுபொறிங்க அனுப்புற தானியங்கி புரோகிராமுங்க (bot). கடைசியா பாத்த பதிவோட ஐடிக்கு கீழ இருபதுன்னு மாத்திட்டோம், முடிஞ்சுது. நாலாவது அந்த தேடல், ரெண்டு பக்கமும் பர்சன்ட் குறி போட்ட லைக், அதாவது வார்த்தை எழுத்துக்கு நடுவுல எங்க இருந்தாலும் தேடுறது, அதுக்கு சாதாரண இண்டெக்ஸ் உதவாது, ஊர் பேர தனியா தேர்ந்தெடுக்குற மாதிரி ஃபார்ம மாத்தி தப்பிச்சோம்.

இப்ப இந்த டூல் செய்யாதது. இது நேரத்த மட்டும்தான் பாக்கும். டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்னா இது சொல்லாது, மைசீக்வல் 8.0ல பைனரி லாக் (டேட்டால வர்ற மாற்றங்கள பதியிற ஃபைல்) டிஃபால்ட்டாவே ஆன், 30 நாள் வச்சிருக்கும், சின்ன டிஸ்க்ல அது சத்தமில்லாம எடத்த தின்னுடும், அத நீங்களாதான் பாத்து குறைக்கணும். பஃபர் பூல் பத்தியும் இது பேசாது, அத நாங்களா 128 எம்பில இருந்து ஒன்றரை ஜிபி ஆக்குனோம். டேபிள் கெட்டுப் போனதும் இதுக்கு சம்பந்தமில்ல.

எழுத்து பிரச்சனையும் இது காட்டாது, ஆனா அத இங்க சொல்லாம போக எனக்கு மனசு வரல. எங்க ரத்தம் தேவை பக்கத்த பாத்துக்கிற பானஸ்வாடி அக்கா ஒரு நாள் கூப்பிட்டு, "இங்க பாருங்க, நிறைய பேர் பாதிலயே எழுதிட்டு விட்டுடுறாங்க, ஹாஸ்பிடல் பேரும் இல்ல நம்பரும் இல்ல"ன்னாங்க. அவங்க யாரும் பாதில விடல. "அவசரமா ஓ நெகட்டிவ் தேவை"ன்னு எழுதி, ஒரு கும்பிடுற எமோஜி போட்டு, அதுக்கப்புறம்தான் ஹாஸ்பிடல், நம்பர் எல்லாம் எழுதியிருக்காங்க. மைசீக்வல்ல யூடிஎஃப்8னு இருக்கிற பழைய கேரக்டர் செட் (எழுத்த பைட்டா சேமிக்கிற முறை) ஒரு எழுத்துக்கு மூணு பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழ் யூனிகோட் ஒவ்வொண்ணும் மூணு பைட், அதனால தமிழ் வருஷக்கணக்கா நல்லா வந்துட்டு இருந்துச்சு, யாருக்கும் சந்தேகமே வரல. எமோஜி நாலு பைட். தப்பான டேட்டா வந்தா எரர் குடுக்குற ஸ்ட்ரிக்ட் மோட் ஆஃப்ல இருந்தா எமோஜி வந்த எடத்தோட வெட்டிட்டு மிச்சத்த தூக்கி எறிஞ்சிடும், எழுதினவங்களுக்கு எரர் கூட காட்டாது. ஒருத்தர் உயிருக்கு கேட்ட ரத்தத்துல போன் நம்பர் போயிடுச்சு. இதுக்கு மருந்து யூடிஎஃப்8எம்பி4, 2010லயே வந்துடுச்சு, 8.0ல அதுதான் டிஃபால்ட், பழைய டேபிளை நீங்கதான் மாத்தணும்.

அந்த மாத்துற வேலைக்கு இதே டூல்கிட்ல இருக்கிற பிடி-ஆன்லைன்-ஸ்கீமா-சேஞ்ச் உதவுச்சு. நேரடியா மாத்துனா முடியுற வரைக்கும் அந்த டேபிள்ல யாரும் எழுத முடியாது. இது பக்கத்துல ஒரு புது டேபிள் உருவாக்கி, கொஞ்சம் கொஞ்சமா காப்பி பண்ணி, நடுவுல வர்ற மாற்றத்த ட்ரிகர் (டேபிள் மாறுனா தானா ஓடுற கோட்) வச்சு பிடிச்சு, கடைசில பேர மாத்தி வச்சிடும். ப்ரைமரி கீயோ யூனிக் இண்டெக்ஸோ இருக்கணும், டேபிள் அளவுக்கு இன்னொரு மடங்கு டிஸ்க் வேணும். ஒரு எச்சரிக்கை, உங்க டேபிள் லேட்டின்1னு (ஐரோப்பிய எழுத்துக்கான பழைய கேரக்டர் செட்) இருந்து அதுக்குள்ள தமிழ் கிடந்தா, நேரா கன்வெர்ட் பண்ணாதீங்க, கெட்டது இன்னும் கெட்டுப் போகும், முதல்ல ப்ளாப் (வெறும் பைட்டா வைக்கிற வகை) ஆக்கிட்டு அப்புறம் சரியான கேரக்டர் செட்டுக்கு கொண்டு வரணும். எதுக்கும் முன்னாடி பேக்கப், அந்த பேக்கப்ப வேற மெஷின்ல ஏத்தி திறக்குதான்னும் பாத்துடுங்க. மைசீக்வல்-டம்ப்ல சிங்கிள் ட்ரான்சாக்ஷன்னு ஒரு ஆப்ஷன் போட்டு பேக்கப் எடுத்தா எல்லாம் ஒரே கணத்துல உள்ளதா வரும்னு நம்புறாங்க, அது இன்னோடிபிக்கு மட்டும்தான், மைஐசாம் டேபிளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

டைஜஸ்ட் மேல எனக்கு இருக்கிற பெரிய குறை, இல்ல பயம்னு சொல்லணும், ரிப்போர்ட்ல ஒவ்வொரு குவெரிக்கும் ஒரு நிஜ உதாரணத்த அப்படியே போடும். எங்க ரிப்போர்ட்ல ரத்தம் குடுக்குறவங்க போன் நம்பரும் ஈமெயிலும் அப்படியே இருந்துச்சு. உதவி கேக்குறேன்னு அத எங்கயும் பொதுவுல ஒட்டிடாதீங்க, லாக் ஃபைலையும் வேலை முடிஞ்சதும் அழிச்சிடுங்க. யாருக்காவது காட்டணும்னா மேல இருக்கிற ப்ரொஃபைல் டேபிள் போதும், அதுல மதிப்பு எதுவும் வராது.

வேற வழி இல்லையானு கேட்டா இருக்கு. மைசீக்வல் 5.7ல இருந்து சிஸ் ஸ்கீமா கூடவே வருது, அதுல முழு டேபிள் ஸ்கேன் பண்ற குவெரிங்க லிஸ்ட் தனியாவே இருக்கு, ஒண்ணும் இன்ஸ்டால் பண்ண வேணாம். தினமும் ஒரு பார்வை பாக்க நான் அதத்தான் பாக்குறேன். ஆனா மைசீக்வல்ல இருந்து பிரிஞ்ச மரியாடிபில, அந்த லிஸ்ட்டுக்கு தகவல் குடுக்குற பர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா டிஃபால்ட்டா ஆஃப், அங்க ஸ்லோ லாக்கும் டைஜஸ்ட்டும்தான் சுலபம். மைசீக்வல்ட்யூனரும் நல்ல ஸ்கிரிப்ட்தான், பஃபர் பூல் மாதிரி செட்டிங்ஸ்ஸ பாத்து சொல்லும், சர்வர் ஒரு நாளாவது தொடர்ந்து ஓடின அப்புறம்தான் அது சொல்றதுக்கு மதிப்பு, ஆனா மோசமா எழுதின குவெரிய அது திருத்தாது, எங்க நோய் அங்கதான் இருந்துச்சு.

போன தீபாவளிக்கு முன்னாடி வியாழக்கிழமை சாயந்திரம், அதே நாலு ஜிபி மெஷின், மேக்ஸ் கனெக்ஷன்ஸ் திரும்ப 151, சைட் ஒரு தடவ கூட விழல. கூட்டம் உச்சத்துல இருந்தப்பவும் ஒரே நேரத்துல திறந்திருந்த கனெக்ஷன் இருபதுக்கு பக்கத்துலயே நின்னுச்சு.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அரை குறைச்சது அந்த போன் நம்பர் விஷயத்துக்கும், புதுசா வர்றவங்களுக்கு ரிப்போர்ட்ட படிக்க சொல்லித்தர்ற மாதிரி எதுவும் அதுலயே இல்லங்கறதுக்கும். ஷேர்ட் ஹோஸ்டிங்ல இருக்கிறவங்களுக்கு ஸ்லோ லாக்க ஆன் பண்ற அனுமதி பெரும்பாலும் இருக்காது, ஹோஸ்டிங்காரங்ககிட்ட உங்க அக்கவுண்டுக்கான லாக் மட்டும் கேட்டு டிக்கெட் போடுங்க, சில எடத்துல தர்றாங்க, தரலன்னா சின்னதா ஒரு விபிஎஸ்க்கு (நீங்களே கட்டுப்படுத்துற வாடகை சர்வர்) மாறிட்டு அங்க ஓட்டுங்க.